கேட்கிற இருதயம்: வேதத்தைக் கேள்வி கேட்டு வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீட்டு ஜெபக்கூட்டம், வேதபாட வகுப்பு, வாலிபர் கூடுகை என்று எங்கே உட்கார்ந்தாலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. வசனங்களைப் பெரும்பாலான சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறோம்.

வேதத்தில் சொன்னதைக் கேள்வி கேட்பது அவிசுவாசம் ஆகாதா?

ஆகாது. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் மாற்கு 9-ம் அதிகாரம் காட்டுகிறது. தாம் கொல்லப்படப்போவதையும் மூன்றாம் நாள் எழுந்திருக்கப்போவதையும் இயேசு சீஷர்களுக்குச் சொல்கிறார் (9:31). அவர்களுக்குப் புரியவில்லை, கேட்கவும் பயந்தார்கள் (9:32). இரண்டு வசனம் தள்ளிப் பாருங்கள்: கப்பர்நகூமுக்குப் போகும் வழியெல்லாம் தங்களுக்குள் எவன் பெரியவன் என்று தர்க்கம் பண்ணியிருக்கிறார்கள் (9:34). கேட்கப் பயந்த அதே ஆட்கள்தான் பெரியவன் யார் என்று மல்லுக்கு நின்றவர்கள். “எனக்குப் புரியவில்லை” என்று சொன்னால் பக்கத்தில் நடப்பவனைவிடச் சின்னவனாகத் தெரிவோமே என்ற கூச்சம் வாயைக் கட்டிவிடுகிறது. அந்தக் கூச்சத்தைப் பக்தி என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் சபைகளில் நிறைய உண்டு.

பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 “நற்குணசாலிகள்” என்கிறது. காரணத்தையும் அங்கேயே சொல்கிறது. பவுல் சொன்னதை ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள். “காரியங்கள் இப்படியிருக்கிறதா” என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் பார்த்தார்கள். ஏற்பதும் ஆராய்வதும் ஒரே ஆளிடம், ஒரே நாளில் நடந்திருக்கிறது.

அப்படியானால் எப்படிப்பட்ட கேள்வியும் சரிதானா?

இல்லை. ஆனால் நல்ல கேள்வியையும் கெட்ட கேள்வியையும் வார்த்தையை வைத்துப் பிரித்துவிட முடியாது.

பலரும் லூக்கா முதல் அதிகாரத்தைக் காட்டுவார்கள். பிள்ளை பிறக்கும் என்று தூதன் இருவருக்கும் சொல்கிறான். சகரியா “இதை நான் எதினால் அறிவேன்” என்று கேட்டு ஊமையானான். மரியாள் “இது எப்படியாகும்” என்று கேட்டு விளக்கம் பெற்றாள். அத்தாட்சி கேட்டது தப்பு, வழி கேட்டது சரி என்று இதிலிருந்து ஒரு விதி செய்துவிடுவார்கள். அந்த விதி நிற்காது. ஆதியாகமம் 15:8-ல் ஆபிராமும் “எதினால் அறிவேன்” என்றுதான் கேட்டான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அவன் வாயிலும் லூக்காவில் சகரியா வாயிலும் வருவது ஒரே சொற்றொடர். ஆபிராமுக்குத் தண்டனை இல்லை, உடன்படிக்கை கிடைத்தது. வித்தியாசம் எங்கே என்று லூக்கா 1:20 நேராகவே சொல்கிறது: “நீ நம்பாதபடியினால்.” கேள்விக்குப் பின்னால் இருந்த மனதுதான் வேறு. சகரியாவையும் தள்ளிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்குப் பெயரிட்ட நாளில் அவன் வாய் திறந்தது. முதலில் வந்தது துதி.

இன்னொரு ஜோடி. “பிரதான கற்பனை எது” என்ற கேள்வி மத்தேயு 22:35-ல் சோதிக்கும்படி வருகிறது. அதே கேள்வியை மாற்கு 12:28-ல் ஒரு வேதபாரகன் கேட்கிறான். பதிலைக் கேட்டதும் “சரிதான்” என்று ஒப்புக்கொள்கிறான், தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லியும் பார்க்கிறான். “நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல” என்ற பேர் அவனுக்குக் கிடைத்தது.

நம் கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கேட்பதற்கு முன்னால், “எந்தப் பதில் வந்தால் எனக்குப் பிடிக்காது?” என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஒன்றுமே எழுத வரவில்லை என்றால், பதில் முன்கூட்டியே உங்கள் கையில் இருக்கிறது, கேட்பதுபோல் சொல்லப்போகிறீர்கள். லூக்கா 10:29-ல் நியாயசாஸ்திரி “எனக்குப் பிறன் யார்” என்று கேட்டது இந்த வகை. தன்னை நீதிமான் என்று காட்ட மனதாய்க் கேட்டான் என்று வசனமே சொல்லிவிடுகிறது.

“எனக்கு ஒன்றும் தெரியாது, நான் வெறும் மண்” என்று சொல்வதுதானே தாழ்மை?

மைக் கையில் இருக்கும்போது அப்படிச் சொல்வது சுலபம். கொலோசெயர் 2:18 “கள்ளத்தாழ்மை” என்று ஒன்றைச் சொல்கிறது; அதோடு இறுமாப்பும் சேர்ந்தே வருகிறது என்கிறது.

தெரியாது என்று சொல்வதிலேயே பொய் இருக்க முடியும். மத்தேயு 21:23-27-ல் பிரதான ஆசாரியர், எந்த அதிகாரத்தினால் இவற்றைச் செய்கிறீர் என்று இயேசுவைக் கேட்கிறார்கள். யோவானின் ஞானஸ்நானம் எங்கிருந்து வந்தது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். தேவனிடமிருந்து என்றால் ஏன் நம்பவில்லை என்பார். மனுஷரிடமிருந்து என்றால் ஜனங்கள் விடமாட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு “அறியோம்” என்றார்கள். கேட்கப் பணிவான பதில். உள்ளே முழுக்க லாப நஷ்டக் கணக்கு. அவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

நீதிமொழிகள் 11:2 “தாழ்ந்த சிந்தையுள்ளவர்களிடத்தில் ஞானம் உண்டு” என்கிறது. அங்கே வரும் எபிரெயச் சொல்லின் வேர் வேதத்தில் அரிது. மீகா 6:8-ல், தேவனுக்கு முன்பாக “மனத்தாழ்மையாய் நடப்பதை” என்ற இடத்திலும் அதே வேர்தான். தன்னைத் திட்டிக்கொள்வது அதன் பொருள் இல்லை. அடக்கம், தன் அளவு தெரிந்து நடப்பது என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். நடப்பது என்ற வினை முக்கியம்.

சாலொமோன் ஞானத்தைத்தானே கேட்டான்? கேள்வி கேட்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

1 இராஜாக்கள் 3-ல் கிபியோனில் சாலொமோன் “போக்குவரவு அறியாத சிறுபிள்ளை” என்று தன்னைச் சொல்லிவிட்டு, “ஞானமுள்ள இருதயத்தை” கேட்கிறான் (3:7-9). எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது “லேவ் ஷோமேயா”. சொல்லுக்குச் சொல் வைத்தால் “கேட்கிற இருதயம்”.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. நமக்குக் காதால் கேட்பதும் கேள்விதான், வாயால் கேட்பதும் கேள்விதான். திருக்குறளில் 42-ம் அதிகாரத்தின் பெயர் கேள்வி. அங்கே பொருள், கற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. 419-ம் குறள் இன்னும் நெருங்கி வருகிறது: நுணங்கிய கேள்வி இல்லாதவர் “வணங்கிய வாயினர்” ஆவது அரிது. நுட்பமாய்க் கேளாதவன் வாய் பணியாது. வேதபாட வகுப்பின் சுவரில் எழுதி வைக்கலாம்.

சாலொமோனின் இருதயம் முதலில் வேலை செய்தது ஒரு வழக்கில். இரண்டு பெண்கள், ஒரு குழந்தை (3:16-28). தீர்ப்பு சொல்வதற்கு முன் இருவர் சொன்னதையும் அவன் தன் வாயால் திருப்பிச் சொல்கிறான்: இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் (3:23). வாள் அதற்குப் பிறகுதான் வருகிறது. பிரசங்கங்களில் வாள்தான் வரும், 23-ம் வசனம் வராது.

தனியாக வாசிக்கும்போது எப்படித் தொடங்குவது?

நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத்துக்கு 31 நாள் என்று தினம் ஒரு அதிகாரம் வாசிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் மூன்றாவது மாதத்தில் கண் ஓடும், மனது நிற்காது. கேள்வி கேட்டு வாசிக்க ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனம் போதும். 25 நிமிடம் ஒதுக்குங்கள். தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அங்கேயே முடியும்.

முதலில் வாய்விட்டு, அல்லது உதடு அசைய, இரண்டு முறை வாசியுங்கள். பிறகு ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: வசனம் என்ன சொல்கிறது (உங்கள் பேச்சுத் தமிழில்), எந்த வார்த்தையில் கால் இடறுகிறது, அதை ஏன் கேட்கிறேன், எந்தப் பதில் பிடிக்காது. தேதி கட்டாயம். அதன் பிறகே விளக்கவுரையோ கைபேசியோ. இந்த வரிசை தலைகீழானால் கேள்வி உங்களுடையதாக இருக்காது. விளக்கவுரைக்காரரின் கேள்விக்கு அவர் சொன்ன பதிலைப் பிரதி எடுப்பீர்கள்.

தொடங்க நல்ல இடம் நீதிமொழிகள் 26:4-5. நான்காம் வசனம் மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. ஐந்தாம் வசனம் கொடு என்கிறது. எழுதியவருக்குத் தெரியாமல் நடந்ததா? பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். காரணங்களையும் பாருங்கள்: கொடுத்தால் நீயும் அவனைப்போல் ஆவாய்; கொடாவிட்டால் அவன் தன் பார்வைக்கு ஞானியாயிருப்பான். ஒரு இடத்தில் ஆபத்து உனக்கு, மறு இடத்தில் அவனுக்கு. எந்த நேரத்தில் எது என்று நூல் சொல்லவில்லை. ஆளையும் வேளையையும் பார்த்து நிதானிக்கும் வேலையை வாசிப்பவனிடம் விட்டுவிடுகிறது. “முரண்பாடு” என்று கேலி செய்பவரும் “முரண்பாடே இல்லை” என்று அவசரமாய் மூடுபவரும் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் வந்த வசனத்தையும் கேள்வி கேட்க வேண்டுமா?

அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எரேமியா 29:11 வந்தது என்று வையுங்கள்: அவைகள் தீமைக்கல்ல, “சமாதானத்துக்கேதுவான நினைவுகளே”. யாருக்கு எழுதியது? பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு, எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதத்தில். முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் திரும்பி வரும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது (29:5-7). சீக்கிரம் திரும்பலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளைப் பொய்யர் என்கிறது (29:8-9). இவ்வளவும் தெரிந்தபின் அட்டையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். வசனம் சுருங்கிப்போகாது. “இந்த ஜூனுக்குள் விசா” என்று அதைப் பிடித்துக்கொண்டு ஜூலையில் உடைந்துபோகவும் மாட்டீர்கள்.

எந்த மொழிபெயர்ப்பு?

குறைந்தது இரண்டு. ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871-ல் வந்தது நம் பழைய மொழிபெயர்ப்பு. அதற்கு முன் தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-ல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடு. பிறகு 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்த ஃபாப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு, 1772-ல் வேப்பேரியில் அச்சானது. வேப்பேரி அச்சு இயந்திரம் 1761-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியில் பிடித்துக் கொண்டுவந்தது. ஒவ்வொருவரும் முந்தினவர் வேலையைத் திருத்தியிருக்கிறார்கள். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-ல் வந்தது. பழைய மொழிபெயர்ப்பின் பக்கத்தில் திறந்து வைக்க அதுவே வசதி. கத்தோலிக்கப் பதிப்பில் சீராக்கின் ஞானம் என்ற நூலும் இருக்கும். ஞானமுள்ளவன் வீட்டு வாசற்படி தேயும்வரை போய் நில் என்று அதன் 6-ம் அதிகாரம் சொல்வது இந்தப் பக்கத்துக்கே எழுதினதுபோல் இருக்கிறது.

யாக்கோபு 1:6 “சந்தேகப்படாமல்” கேள் என்கிறதே?

முந்தின வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன். அவர் “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்”. இதுகூடத் தெரியாதா என்று அவர் சொல்லிக்காட்டுவதில்லை. அப்படிச் சொல்லிக்காட்டும் வாத்தியார்களிடம் படித்தவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையே பெரிய ஆறுதல். “சந்தேகப்படுதல்” என்று வரும் கிரேக்கச் சொல்லுக்கு உள்ளுக்குள் இரண்டாய்ப் பிரிந்து நிற்பது என்ற பொருளும் உண்டு. எட்டாம் வசனம் அதையே “இருமனமுள்ளவன்” என்கிறது. ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே. புரியாததைக் கேட்பவனைப் பற்றிய பேச்சே இல்லை.

குழுவாக வாசிக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

ஆறிலிருந்து எட்டுப் பேர். பத்தைத் தாண்டினால் மூன்று பேர் மட்டும் பேசுவார்கள். பகுதி 10 முதல் 15 வசனம். மொத்தம் 75 நிமிடம் வைத்துக்கொண்டால், இரண்டு குரலில் இரண்டு மொழிபெயர்ப்பு வாசிக்கப் பத்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு கேள்வி மௌனமாய் எழுத ஐந்து, பேச்சுக்கு நாற்பது, அடுத்த வாரத்துக்குள் யார் எதைத் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்யப் பத்து, ஜெபத்துக்குப் பத்து.

கெடுவது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில். நடத்துகிறவர் முதல் சீட்டை எடுத்ததும் அழகாக, முழுசாகப் பதில் சொல்லிவிடுவார். மற்றவர்கள் தங்கள் சீட்டை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிடுவார்கள். அப்புறம் அது பிரசங்கம்தான். நடத்துகிறவர் கடைசியில் பேச வேண்டும், அதுவும் “இந்த இடம் எனக்கும் பிடிபடவில்லை” என்பதை உண்மையாக இருந்தால் சொல்ல வேண்டும். நீதிமொழிகள் 18:13 இதற்கே எழுதியது: காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது “புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்”.

“கர்த்தர் எனக்கு இப்படிச் சொன்னார்” என்று ஒருவர் ஆரம்பித்தால் அதன்மேல் யாரும் பேச முடியாது. “இந்த வசனத்தில் எந்த வார்த்தையிலிருந்து அது உங்களுக்கு வந்தது, அண்ணே?” என்று கேட்டால் பேச்சு மறுபடி வசனத்துக்கு வரும்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் பழைய தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். எல்லார் முன்னும் வாசிக்கச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள். “ஆயக்காரன்” என்றால் வரி வசூலிப்பவன், “இலச்சை” என்றால் வெட்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கூட்டம் நடக்கும் வீட்டு அக்கா அந்த நாற்பது நிமிடமும் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருப்பார். டீயை முன்னாலேயே குடித்துவிடுங்கள், அல்லது ஃபிளாஸ்க் வாங்குங்கள்.

பாஸ்டர் சொன்னதில் ஒரு விஷயம் சரியாகப் படவில்லை. எப்படிக் கேட்பது?

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். வார நாளில் நேரம் கேட்டு, ஒரு வசனம், ஒரு கேள்வி மட்டும் எடுத்துப் போங்கள். “ஐயா, போன வாரம் யாக்கோபு ஒண்ணாம் அதிகாரத்துல நீங்க சொன்னதுல ஒரு இடம் எனக்குப் பிடிபடல. பத்து நிமிஷம் எப்ப வரலாம்?” இது போதும். “யூடியூப்ல ஒருத்தர் வேற மாதிரி சொல்றாரே” என்று ஆரம்பித்தால், வசனத்தை விட்டுவிட்டு யார் பெரிய போதகர் என்ற பேச்சில் போய் முடியும்.

முன்மாதிரி அப்போஸ்தலர் 18:24-26. அப்பொல்லோ சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவன். ஆனால் யோவானின் ஞானஸ்நானம் வரைக்குமே அவனுக்குத் தெரியும். கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்திலேயே எழுந்து மறுக்கவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு “அதிக திட்டமாய்” விவரித்தார்கள். ஒரு தொழிலாளியும் அவன் மனைவியும் சொன்னதை அந்தப் பேச்சாளன் கேட்டுக்கொண்டான் என்பது மூன்றே வசனத்தில் அடங்கிய பெரிய செய்தி.

“தாழ்மையாயிரு” என்று சொல்லியே வாயை அடைத்தால்?

காணிக்கைக் கணக்கைக் கேட்டால் தாழ்மை இல்லை என்பார்கள். பவுல் எருசலேமுக்கு உதவிப்பணம் கொண்டுபோகும்போது, யாரும் குற்றம் சொல்லாதபடி கூட ஆட்களை வைத்துக்கொண்டு, “மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்” என்று எழுதினார் (2 கொரிந்தியர் 8:20-21). கேட்குமுன்னே கணக்குச் சொன்னவர் அவர். அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததும் அவரே (கலாத்தியர் 2:11).

பிள்ளைகளுக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் இந்தப் பக்கத்தில் சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. தனியாகப் போய்ப் பேசுவது, நேரம் கேட்பது, காத்திருப்பது எல்லாம் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள்.

தோமாவைச் “சந்தேகத் தோமா” என்கிறோமே?

சென்னைக்காரர்கள் சொல்லக் கூடாத பட்டம். சின்னமலையில் மறைந்திருந்தார், பரங்கிமலையில் உயிர்விட்டார், சாந்தோமில் அடக்கமானார் என்ற பாரம்பரியம் இந்த ஊரின் பேர்களிலேயே ஒட்டியிருக்கிறது. “அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்” என்று சொன்னவரும் தோமாதான் (யோவான் 11:16). “வழியை நாங்கள் எப்படி அறிவோம்” என்று மற்றவர்கள் கேட்கத் தயங்கியதைக் கேட்டவரும் அவரே (14:5). அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் “நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்”. சுவரில் மாட்டுகிற வசனம். கேள்வியை யாரும் மாட்டுவதில்லை. யோவான் 20-ல் அவர் நம்ப மறுத்தபின்னும் எட்டு நாள் மற்ற சீஷரோடேயே இருந்தார். அவர்களும் துரத்தவில்லை.

பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?

“தெரியலடா, ஞாயித்துக்கிழமைக்குள்ள பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி பார்த்துச் சொல்லுங்கள். பஸ்காவின் முறையே, பிள்ளைகள் “கருத்து என்ன” என்று கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பில் அமைந்தது (யாத்திராகமம் 12:26). பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் இருந்தார் (லூக்கா 2:46).

சாவு வீட்டில் “ஏன்” என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தவரை சரியாகத்தான் செய்தார்கள் (2:13). வாயைத் திறந்தபின் கெடுத்தார்கள். முடிவில் கர்த்தர் கோபப்பட்டது கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவின்மேல் அல்ல. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர்கள்மேல் (42:7).

பல வருஷம் கேட்டும் பதில் கிடைக்காத கேள்வியை என்ன செய்வது?

நோட்டில் தேதியோடு இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். சில கேள்விகள் தானாக விடுபட்டிருக்கும், சில கேள்வியே தப்பு என்று தெரியும், சில அப்படியே நிற்கும். நிற்பவற்றின் பக்கத்தில் புதுத் தேதியைப் போடுங்கள். பதில் வந்துவிட்டதாக நடிக்க வேண்டாம். தானியேல் 12:8-ல் இப்படி ஒரு வரி இருக்கிறது: “நான் அதைக் கேட்டும், அதின் பொருளை அறியவில்லை.” காதால் கேட்டும் புரியாமல், உடனே வாயால் கேட்கிறார்: இவைகளின் முடிவு என்னமாயிருக்கும்? அவருக்கு வந்த பதில், “தானியேலே, போகலாம்.”